வெந்த விதை

ஜெனிவால்டோ போனில் "மொட்டு வந்திருக்கு" என்று சொன்னால் நம்பக் கூடாது என்று கித்தேரியா எத்தனையோ தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறாள். சொல்லிக்கொண்டே கார் சாவியைத் தேடுவாள்.

பிரேசிலில், மாசெயோ நகரத்தில் உள்ள உலர்தாவரக் காப்பகத்தில் அவளுக்கு வேலை; பல்கலைக்கழக மாணவர்களுக்கு வகுப்பும் எடுப்பாள். கொய்யா, பிதங்கா, ஜபுதிகாபா எல்லாம் அடங்கிய குடும்பம்தான் அவளுக்குப் படிப்பு, பிழைப்பு, தலைவலி. அலகோவாஸ் மாநிலக் கரையோரம் முழுக்க ஒரே காடாக இருந்த இடத்தில் இப்போது கண்ணுக்கெட்டிய தூரம் கரும்பு. ஏர் ஏறாத குன்றுகளின் உச்சியில் மட்டும் குடுமி விட்ட மாதிரி கொஞ்சம் காடு மிச்சம். அந்தக் குடுமிக்குள் நுழைந்தால் கொய்யாக் குடும்பத்து மரங்களே முப்பது நாற்பது வகை நிற்கும். பக்கத்துக் குன்றுக்குப் போனால் அதில் பாதியைக் காணோம். வேறு புது வகைகள் நிற்கும். இந்த விசித்திரம்தான் அவளை இத்தனை வருஷமாக வெயிலிலும் சேற்றிலும் அலைய வைத்திருந்தது.

ஆனால் இலையை மட்டும் பார்த்து அந்தக் குடும்பத்தில் ஒன்றுக்கும் துணிந்து பெயர் சொல்ல முடியாது. எல்லா மரத்துக்கும் எதிரெதிர் இலை, வெளிச்சத்தில் பிடித்தால் எண்ணெய்ப் புள்ளிகள், கசக்கினால் வாசனை. பூ வேண்டும், இல்லையென்றால் பழம் வேண்டும். அதுகளோ ஒரு காலையில் பூத்து மறுநாள் கொட்டிவிடும் ஜாதி.

நிலமில்லாதவர்களுக்கு அரசு நிலம் பிரித்துக் கொடுத்த லாஜேடோ குடியேற்றத்துக்குப் பின்னால் இருந்த குன்றில் நின்ற மரம் நாலு வருஷமாகப் பூக்கவில்லை. பட்டை மெல்லிய காகிதமாக உரிந்து உள்ளே லவங்கப்பட்டை நிறம் தெரியும். இலையின் அடிப்பக்கம் செம்புத் தூள் தடவியது போல ரோமம். கசக்கினால் எலுமிச்சையும் மிளகும் கலந்த நெடி. காப்பகத்து அலமாரிகளில் எதோடும் அது ஒத்துப்போகவில்லை. எவ்வளவு தேடியும் அந்தக் காட்டில் அதற்கு இரண்டாவது மரம் அகப்படவில்லை.

அந்தக் குன்றுக்குப் போகும் வழி ஜெனிவால்டோவின் வீட்டு முற்றம் வழியாகத்தான் என்பது வேறு சோதனை. ஒன்பது வருஷம் அவளுக்குப் புருஷனாக இருந்தவன். காப்பகத்தில் மரம் ஏறுகிற வேலை பார்த்தான். கயிறு கட்டி அவன் ஏறுகிற அழகைப் பார்த்துத்தான் அவள் அவனிடம் விழுந்தாள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் காப்பகம் அவனை அனுப்பியபோது, அவள் தனக்காக வாயைத் திறக்கவில்லை என்று அவன் நினைத்தான். அவள் திறந்தாள், பயன் இல்லை. அதை அவன் நம்பவில்லை. கடைசியில் லாஜேடோவில் நிலம் கிடைத்திருந்த வல்தேனியாவோடு போய்ச் சேர்ந்து, கொட்டாத உருசு தேனீயை வளர்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

அவனிடமே போய், மரத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்க வேண்டியதாயிற்று. அவன் ரொம்ப நேரம் தேனீப் பெட்டியைத் துடைத்துக்கொண்டே இருந்துவிட்டு, சரி என்றான்.

முதல் தடவை அவன் கூப்பிட்டபோது அவள் பாதி வகுப்பில் மாணவர்களை விட்டுவிட்டு ஓடினாள். கிளையைக் கீழே இறக்கிப் பார்த்தால், மொட்டு இல்லை; பூச்சி முட்டையிட்டு இலைக்கணுவில் திரண்ட கட்டிகள். உருண்டையாக, பச்சையாக, பார்க்க மொட்டு மாதிரியே இருந்தன. நகத்தால் கீறினால் உள்ளே புழு.

"இத்தனை வருஷம் என்கூட மரம் ஏறியிருக்க. மொட்டுக்கும் பூச்சிக்கட்டிக்கும் வித்தியாசம் தெரியாதா உனக்கு?"

"கீழ இருந்து பார்த்தேன். மேல ஏறச் சொல்லி எனக்கு யாரும் இப்போ சம்பளம் தர்றதில்லை."

அவள் கிளையை வீசிவிட்டுக் காரை நோக்கி நடந்தாள்.

இரண்டாவது தடவை உண்மையான மொட்டு. நவம்பர் மாசம். ஏறி, கையில் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன் என்றான். அன்றைக்கென்று காப்பகத் தலைவர் அடெர்பால் தலைநகரிலிருந்து வந்த குழுவுக்கு அலமாரிகளைக் காட்டச் சொல்லி அவளைப் பிடித்து வைத்துக்கொண்டார். விட்டதும் கிளம்பினாள். கரும்பு வண்டிகள் உழுது போட்ட செம்மண் பாதையில் அடித்த மழைக்கு, கார் அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது. சர்க்கரை ஆலையின் டிராக்டர் வந்து இழுத்துவிட்டபோது மறுநாள் விடிந்திருந்தது.

அவள் குன்றேறிப் போய்ச் சேர்ந்தபோது மரத்தடி முழுக்க வெள்ளை. இழை இழையாக மகரந்தத் தண்டுகள், சேற்றில் ஒட்டிக்கொண்டு, பழுப்பேற ஆரம்பித்திருந்தன. மேலே ஒரு பூ இல்லை. அவள் மண்டியிட்டு அந்த இழைகளை அள்ளினாள். அவற்றை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது என்று தெரிந்தும் ஒரு டப்பாவில் போட்டாள்.

ஜெனிவால்டோ பின்னால் வந்து நின்றான். நேற்றுக் காலையில் தேனீ இரைச்சல் வீடு வரைக்கும் கேட்டது என்றான்.

"ஒரு கிளையை வெட்டி வெச்சிருக்கலாம்ல?"

"நீ வர்றேன்னு சொன்னே. நீ வந்து பார்க்கறதுக்கு முன்னாடி எவனும் கை வைக்கக் கூடாதுன்னு என்கிட்ட எத்தனை தடவை கத்தியிருக்க? ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. கத்தியது நியாயமாகவும் இருந்தது. அதனாலேயே எரிச்சல் இன்னும் கூடியது.

ஒரே ஆறுதல், பூத்த மரம் காய்க்கும். பழம் கிடைத்தாலும் பாதி வேலை முடிந்த மாதிரி. விதையை அறுத்துப் பார்த்தால் உள்ளே இருக்கும் கரு எந்தப் பேரினம் என்று சொல்லிவிடும். விதையிலை இரண்டும் ஒட்டிக் கொட்டை மாதிரி கிடந்தால் ஒரு கூட்டம். கசக்கி மடித்த காகிதம் மாதிரி இருந்தால் வேறு கூட்டம். நாலு வருஷமாக அவள் முதல் கூட்டத்தின் அலமாரியில்தான் தேடிக்கொண்டிருந்தாள். பழம் பழுக்க ஏப்ரல் ஆகும் என்று கணக்குப் போட்டாள். அதற்கு முன்னால் ஒன்று விழுந்தாலும் உடனே சொல்லும்படி ஜெனிவால்டோவிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவனும் தலையாட்டினான்.

பிப்ரவரியில், கார்னிவல் திருவிழா முடிந்த வாரத்தில், எதற்கும் ஒரு நடை பார்த்துவிடலாம் என்று சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போனாள். முற்றத்தில் ஜெனிவால்டோ இல்லை. வல்தேனியா சமையலறைப் பக்கம் நின்று பெரிய அலுமினியக் குண்டானைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அதுவரை இரண்டு பேரும் வணக்கம் சொல்வதோடு சரி. அன்றைக்கு வல்தேனியா உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, மரவள்ளி மாவு அடையும் காப்பியும் கொடுத்தாள். அடையின் மேல் கருஞ்சிவப்பாக ஒரு ஜாம்.

கித்தேரியா ஒரு வாய் வைத்தாள். நாக்கைச் சுருட்டும் புளிப்பு. புளிப்புக்குப் பின்னால் எலுமிச்சை, அதற்குப் பின்னால் மிளகு.

அடையைத் தட்டில் வைத்தாள்.

"இது என்ன பழம்?"

"பேரெல்லாம் தெரியாது டாக்டர். பின்னாடி குன்றுல ஒரு மரம், பட்டை உரியுமே, அது. கீழ கொட்டிக் கிடந்துச்சு. வீணாப் போகுதேன்னு ரெண்டு கூடை பொறுக்கினேன். சர்க்கரைதான் ரொம்பக் கேக்குது. நல்லா இல்லையா?"

கித்தேரியா ஜாம் பாட்டிலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு, மீதிப் பழம் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை. எல்லாம் வெந்துவிட்டது. மரத்தடியில்? நேற்றோடு தீர்ந்துவிட்டது, மிச்சத்தை முயல் பருமனுள்ள காட்டு அகூட்டி எலி வந்து தின்றுவிட்டுப் போனது. அப்படியானால் விதை?

"விதையை யாரு ஜாம்ல போடுவா? வடிகட்டிப் பன்னிக்குப் போட்டேன்."

அந்த நேரம் பார்த்து ஜெனிவால்டோ வாசலில் வந்து நின்றான். கித்தேரியாவின் முகத்தையும் மேசை மேல் இருந்த ஜாம் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தான். திரும்பிப் போகப் பார்த்தான்.

"நில்லு," என்றாள் கித்தேரியா. "இந்தப் பழத்துக்காக நான் தவம் கிடக்கிறேன்னு இவங்ககிட்ட சொல்லலையா நீ?"

அவன் தொப்பியைக் கழற்றி உள்ளங்கையில் தட்டினான். பதில் சொன்னது வல்தேனியா.

"எதைச் சொல்லணும்? எந்த மரம்?"

விஷயம் அப்போதுதான் வெளியே வந்தது. மரத்தைப் பார்த்துக்கொள்ளும் சங்கதியையே அவன் வீட்டில் வாய் திறந்து சொல்லவில்லை. மொட்டு பார்க்கப் போகும்போதெல்லாம் தேனீக் கூடு தேடப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். முன்னாள் மனைவியின் பெயரை இந்த வீட்டுக்குள் எடுத்தால் சண்டை வரும் என்று பயம்.

வல்தேனியா கையைத் துண்டில் துடைத்தாள். குரலை உயர்த்தவில்லை.

"அடப்பாவி. நான் பாட்டுக்கு ஒண்ணுக்கும் ஆகாத மரம்னு நினைச்சுப் பழத்தை வேக வெச்சுட்டு இருக்கேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒரு கூடையைத் தனியா எடுத்து வெச்சிருக்க மாட்டேனா? இந்தம்மா பேரைச் சொன்னா நான் என்ன உன் தலையைச் சீவிடுவேனா?"

"நீ கோபப்படுவேன்னு…"

"இப்போ படறேன், பாரு."

கித்தேரியாவுக்குத் தன் கோபத்தை யார் மேல் கொட்டுவது என்று தெரியவில்லை. ஜெனிவால்டோவைத் திட்டலாமென்றால், வல்தேனியா தனக்கு முன்பே அதைச் செவ்வனே செய்துகொண்டிருந்தாள். கித்தேரியா பன்றித் தொழுவம் எங்கே என்று மட்டும் கேட்டாள்.

ஒருவர் பின்னால் ஒருவராக மூன்று பேரும் போனார்கள். தொழுவத்தின் வேலியோரம் சக்கைக் குவியல். பன்றி கிளறிவிட்டுப் போன மீதியில், வெந்து தோல் கழன்ற விதைகள் சில கிடந்தன. கித்தேரியா மூக்கைப் பிடித்துக்கொள்ளாமல் குனிந்து பொறுக்கினாள். வல்தேனியாவும் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்து பொறுக்கினாள். ஜெனிவால்டோ பன்றியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கித்தேரியா முற்றத்துக் குழாயில் விதைகளைக் கழுவி, பையிலிருந்த பிளேடை எடுத்து முதல் விதையை அறுத்தாள். கூழ். இரண்டாவதும் கூழ். அடுத்தது உள்ளே வண்டு குடைந்து வெறும் பொடி. அதற்கடுத்ததைக் கொஞ்சம் சாய்வாக அறுத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியில் பிடித்தாள். வெந்து பழுப்பாகிப் போயிருந்தாலும் உருவம் கலையவில்லை. மெல்லிய விதையிலைகள், யாரோ கசக்கி உள்ளே திணித்த மாதிரி. அவற்றைச் சுற்றி வளைத்துக்கொண்டு நீண்ட தண்டு.

நாலு வருஷமாக அவள் தப்பான அலமாரியில் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஏதாச்சும் தெரியுதா?" என்றாள் வல்தேனியா.

"வேற கூட்டம். மீர்சியா கூட்டம்."

"நல்லதா, கெட்டதா?"

கித்தேரியா பிளேடைத் துடைத்துப் பையில் வைத்தாள். விதைகளை ஒரு குப்பிச் சாராயத்தில் போட்டு மூடினாள். கிளம்பும்போது வல்தேனியா ஒரு பாட்டில் ஜாமைக் கையில் திணித்தாள். தன்னுடைய போன் எண்ணையும் சொன்னாள். இனிமேல் இந்த ஆள் வழியாக ஒன்றும் வேண்டாம், மரம் கொட்டாவி விட்டாலும் நானே கூப்பிடுகிறேன் என்றாள்.

காப்பகத்தில் அடெர்பால் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இது எப்படி இப்படி ஆனது என்று கேட்டார். கித்தேரியா நடந்ததைச் சொன்னாள். அவர் சிரிக்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டார். வேகவைத்து, வடிகட்டி, பன்றி மிச்சம் வைத்த மாதிரியைக் காட்டிப் புது இனம் என்று எழுதினால் ஆய்வுப் பத்திரிகைக்காரன் நம்மைப் பைத்தியக்காரர்கள் என்று நினைப்பான். பூ கிடைக்கும் வரைக்கும் பேசாமல் இரு என்றார். அவர் சொன்னது சரிதான். சரியாக இருக்கிற பேச்சைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துப்போயிருந்தது.

அலமாரியை மாற்றித் தேடினாள். மீர்சியாக்களில் இருந்த ஒவ்வொரு உறையையும் பிரித்தாள். செம்பு ரோமம் இருந்தால் பட்டை உரியாது. பட்டை உரிந்தால் இலை வேறு. அடுத்த நவம்பர் வந்தது. விடுப்பு எடுத்துக்கொண்டு வல்தேனியா வீட்டில் ஊஞ்சல் படுக்கை கட்டித் தங்கினாள். மரம் மொட்டே விடவில்லை. மழையும் கொசுவும் சீட்டாட்டமுமாக விடுப்பு தீர்ந்தது. சீட்டில் வல்தேனியா ஏமாற்றுவாள். ஜெனிவால்டோ கண்டுகொண்டும் காட்டிக்கொடுக்க மாட்டான்.

அதற்கும் அடுத்த வருஷம், அக்டோபர் முடியும்போது, வல்தேனியா கூப்பிட்டாள். மொட்டு. தொட்டுப் பார்த்தாகிவிட்டது, புழு இல்லை, நாளையோ மறுநாளோ விரியும். கித்தேரியா யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கே கிளம்பி, பாதை காய்ந்து கிடக்கும்போதே போய்ச் சேர்ந்தாள்.

போய்ப் பார்த்தால் ஜெனிவால்டோவின் வலது கை தூளியில் தொங்குகிறது. மோட்டார் சைக்கிளில் வழுக்கி விழுந்து தோள் இறங்கிவிட்டது.

"இதைப் போன்ல சொல்லலையே நீங்க," என்றாள் கித்தேரியா.

"சொன்னா நீங்க வேற ஆளைத் தேடிக்கிட்டு நிப்பீங்க. அதுக்குள்ள பூ போயிரும்," என்றாள் வல்தேனியா. "மேல ஏறுற கயிறு போட்டுத்தான் இருக்கு. நான் ஏறினா கிளை ஒடியும். நீங்கதான் ஏறணும்."

மறுநாள் காலையில் குன்றேறிப் போனபோதே இரைச்சல் கேட்டது. மரம் உச்சி முழுக்க வெள்ளையாக நின்றது. கித்தேரியா கயிறு ஏறிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அப்போதும் உயரம் என்றால் பயம். அதனால்தான் ஏறுவதற்கு ஒருத்தனைக் கல்யாணம் செய்துகொண்டாள் என்று நண்பர்கள் கிண்டல் செய்வார்கள். ஜெனிவால்டோ இடது கையால் அவள் இடுப்புப் பட்டையின் ஒவ்வொரு கொக்கியையும் இழுத்துப் பார்த்தான். வல்தேனியா பாதுகாப்புக் கயிற்றைத் தன் இடுப்பைச் சுற்றி எடுத்து, ஒரு வேரில் காலை ஊன்றி நின்றாள்.

"கீழ பார்க்காதே," என்றான் அவன். "காலை உதை, அப்புறம் கையைத் தள்ளு. கையால தூக்காதே. நீ எப்பவும் கையாலதான் தூக்குவே."

"வாயை மூடு."

"மூடறேன். காலை உதை."

பாதியில் ஒரு தடவை நின்றுவிட்டாள். மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர மனசில்லை. மரப்பட்டை முழங்காலில் உரசி உரிந்தது. கீழே இருந்து அவன் ஒன்றும் கேலி செய்யவில்லை. மூச்சு விடு, அவசரம் இல்லை, பூ ஓடாது என்று மட்டும் சொன்னான். பூ ஓடத்தான் செய்யும் என்று அவளுக்குத் தெரியும். அந்த நினைப்பிலேயே காலை உதைத்தாள்.

முதல் கவட்டைக்குப் போனதும் தேனீக்கள் தலைமுடிக்குள் புகுந்து சிக்கிக்கொண்டன. மொட்டுகளின் தலை குல்லாய் மாதிரி வட்டமாகக் கழன்று ஒரு பக்கம் தொங்கியது; உள்ளேயிருந்து இழைகள் வெடித்துக் கிளம்பியிருந்தன. மூடி போட்ட மொட்டு. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பூங்கொத்து ஒவ்வொன்றாக வெட்டிப் பையில் போட்டாள். ஒன்று நழுவி வல்தேனியாவின் தோளில் விழுந்தது.

அந்தப் பூவை வரைந்து, அளந்து, படமெடுத்து, தெற்கே இருக்கும் மீர்சியா நிபுணருக்கு அனுப்பினாள். பதில் வர அதிக நாள் ஆகவில்லை. அழகான மாதிரி என்று பாராட்டியிருந்தார். இந்த இனத்துக்குப் போன மாதம்தான் பெயர் வைத்து வெளியிட்டிருக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தார். பக்கத்து மாநிலமான பெர்னாம்புகோவில் ஒரு குழு, அங்கேயும் கரும்புக்கு நடுவே ஒரு குன்று, அங்கேயும் ஒரே மரம். போன வருஷம் பூத்ததாம். அந்தக் குன்றின் பெயரையே மரத்துக்கும் வைத்திருக்கிறார்கள்.

போன வருஷம் அவள் லாஜேடோவில் சீட்டாடிக்கொண்டிருந்தாள்.

ஒரு வாரம் அவள் யாரிடமும் ஒழுங்காகப் பேசவில்லை. அடெர்பால் ஆறுதல் சொல்ல வந்தபோது, தலைநகரக் குழுவுக்கு அலமாரி காட்டிய நாளை அவருக்கு நினைவுபடுத்தினாள். அவர் காப்பியை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டார். பெர்னாம்புகோ கட்டுரையை இரண்டு முறை கிழித்துப் போடப் பார்த்து, மூன்றாவது முறை படித்தாள். பழம் என்ற இடத்தில், 'காணக் கிடைக்கவில்லை' என்று எழுதியிருந்தது.

பிப்ரவரியில் லாஜேடோவுக்குப் போனாள். சமையலறை மேசையில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். ஜெனிவால்டோ தோளைத் தேய்த்துக்கொண்டே கேட்டான். அவனுக்கும் முகம் விழுந்துவிட்டது. கடைசியில், "அவசரக்காரப் பசங்க," என்றான்.

வல்தேனியாவுக்கு வேறு சந்தேகம்.

"அப்போ இந்த மரம் ஒண்ணே ஒண்ணு இல்லை. அங்க இன்னொண்ணு இருக்கு."

"இருக்கு."

"இங்க தீ கீ பட்டுப் போச்சுன்னாலும் அங்க ஒண்ணு நிக்கும்."

"நிக்கும்."

"அதுக்கு எதுக்கு நீங்க செத்த வீட்டு முகமா உக்காந்திருக்கீங்க?"

கித்தேரியா மூலையில் இருந்த கூடையை எடுத்தாள். பெயர் வைத்தவள் தானாக இருந்திருக்க வேண்டும் என்ற ஆசையை இந்த வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. அந்த ஆசை போகவும் இல்லை. வல்தேனியாவின் கேள்வி நியாயமாக இருந்ததால் அது கரைந்துவிடவும் இல்லை.

இரண்டு பேரும் கூடையோடு குன்றேறினார்கள். மரத்தடியில் பழம் கருநீலமாக உதிர்ந்து கிடந்தது. வேகாத பழம், பன்றி தொடாத பழம். கித்தேரியா ஒன்றை எடுத்து நுனியைப் பார்த்தாள். மூடி கழன்ற இடத்தில் வழவழவென்று ஒரு வளையம். இதையெல்லாம் எழுதுவாள். இரண்டு பத்திக் குறிப்பாக, இன்னொருவர் வைத்த பெயரின் கீழே.

"உங்களுக்கு எவ்வளவு வேணும்?" என்றாள் வல்தேனியா, ஏற்கெனவே பொறுக்க ஆரம்பித்திருந்தவள்.

"பாதி."

"பாதியா? நாலு விதை அறுக்க அத்தனை எதுக்கு? ரெண்டு கை எடுத்துக்குங்க. இந்தத் தடவை சர்க்கரையைக் கூட்டிப் போட்டுப் பார்க்கணும்."

"பாதி," என்றாள் கித்தேரியா மறுபடியும். குனிந்து, அவளுக்கு முந்திப் பொறுக்க ஆரம்பித்தாள்.